லாயரும் காகிதக் கட்டும்



லாயர் என்றதும் நம்ம ஆட்கள் முதலில் பார்ப்பது அவருடைய காரைத்தான். எங்கே படிச்சாரு, எந்தக் கட்சி, யாரோடு பழக்கம், ஓய்வு நேரத்தில் என்ன செய்வாரு என்று எல்லாம் விசாரிக்கிறோம். வழக்கை எப்படி நடத்துவாரு என்று மட்டும் கேட்பதில்லை.

தாப்பா, பீடோர் பக்கத்துப் பெரியவர்களுக்கு டி.ஆர். சீனிவாசகத்தை நினைவிருக்கும். 1921-ல் ஈப்போவில் பிறந்தவர். அவரும் சீமையில் சட்டம் படித்து வந்தவர்தான். அவருடைய சகோதரர் எஸ்.பி.யும் லாயர். இருவரும் 1953-ல் தொடங்கிய கட்சிதான் பிற்பாடு மக்கள் முற்போக்குக் கட்சி ஆனது. கோர்ட் அவருக்குத் தொழில். அரசியல் அவருக்கு ஆசை. 1969 மார்ச்சில் இறக்கும்போது ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினர். ஈப்போவில் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. அங்கே பிள்ளைகளை விளையாடக் கூட்டிப்போகிற பலருக்கு அவர் யாரென்றே தெரியாது, அது வேறு விஷயம்.

அவர் நடத்திய ஒரு காரியத்தைச் சொல்கிறேன். 1960களில் அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றம் சாட்டினார். சபைக்குள் பேசியதற்கு வழக்குப் போட முடியாது. "வெளியே வந்து சொல்லிப் பார்" என்று சவால் வந்தது. மனுஷன் வெளியே வந்து சொன்னார். அமைச்சர் மானநஷ்ட வழக்குப் போட்டார்.

இப்படிப்பட்ட வழக்கில் "நான் சொன்னது உண்மை" என்று வாதாடுகிறவன்தான் அதை நிரூபிக்க வேண்டும். கோபமாகப் பேசினால் போதாது. சாட்சியும் ஆவணமும் வேண்டும். சீனிவாசகம் நிரூபித்தார். அமைச்சர் வழக்கில் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார், பதவியையும் விட்டார். சபையிலே வீரமாகப் பேசினவர்கள் நிறையப் பேர் உண்டு. அவரை ஜெயிக்க வைத்தது அவர் கையில் இருந்த ஆதாரம்.

நம்ம கதை என்ன? முப்பது வருஷம் பால் வெட்டினவர் கையில் ஒரு சம்பளச் சீட்டு இருக்காது. "கிராணிக்குத் தெரியும்" என்பார். கிராணி எப்போதோ மாறிப் போயிருப்பார். தோட்டம் கைமாறி ஆட்குறைப்பு வந்தால், 1980-ஆம் ஆண்டு விதிப்படி ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் உண்டு. ஆனால் எத்தனை வருஷம் என்று யார் காட்டுவது? வேலையில் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு இவைதான் காட்டும். தகரப் பெட்டியில் சேலைக்கு அடியிலே பத்திரமாக வையுங்கள், அம்மா. படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மகனோ மகளோ படித்துச் சொல்லட்டும்.

நியாயமில்லாமல் வேலையிலிருந்து நீக்கிவிட்டால் முதலில் போக வேண்டிய இடம் லாயர் வீடல்ல, தரகர் வீடும் அல்ல. தொழில் உறவு இலாகா. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அந்த 60-ல் சேர்த்திதான்.