வீட்டுக்காரியையும் கேளுங்கள்!

மாமல்லபுரம் போனவர்கள் மகிஷாசுரமர்த்தினி குகையைப் பார்த்திருப்பார்கள். சிங்கத்தின் மீது தேவி. எட்டுக் கைகள். வில்லேந்திப் போர் புரிகிறாள். எருமைத்தலை அரக்கன் பின்வாங்குகிறான்.

கல்லிலே பெண்ணின் கையில் ஆயுதம் இருக்கிறது. சட்டத்திலோ, ஆயுதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூட வீட்டுப் பெண்ணுக்கு இடம் இல்லை!

துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்சு வேண்டும் என்கிறது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். மனு வந்ததும் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் அறிக்கை கேட்பார்கள். மனுதாரருக்கு 21 வயது ஆகிவிட்டதா, புத்தி சுவாதீனம் உள்ளவரா, தண்டனை அடைந்தவரா என்று பார்ப்பார்கள். நல்லதுதான். ஆனால், "உன் புருஷன் அடிப்பாரா?" என்று மனைவியைத் தனியே கேட்கும்படி அந்தச் சட்டம் சொல்லவில்லை.

தேர்தல் வந்தால் லைசென்சு துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். வாக்காளர் பயப்படக்கூடாது அல்லவா? தேர்தல் முடிந்ததும் துப்பாக்கி வீடு திரும்புகிறது. அங்கே இருப்பவளின் பயம்? சுடவே வேண்டாம். சண்டை முற்றும்போது அவன் அலமாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும். அவள் வாய் மூடிவிடும்.

கனடாவில், மனு போட்டவரின் மனைவிக்கு அல்லது கணவனுக்குச் சேதி சொல்கிறார்கள். 2 ஆண்டுகளுக்குள் பிரிந்து போனவருக்கும் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1996-ல் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, குடும்ப வன்முறையும் லைசென்சு மறுக்கக் காரணம் ஆயிற்று.

நம் நாட்டிலும் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் உண்டு. கைதானவரை ஜாமீனில் விடும்போது, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று கோர்ட்டு நிபந்தனை போடலாம். அடி விழுந்த பிறகு வரும் மருந்து அது!

2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது 2 ஆயிற்று. ஆனால் லைசென்சு காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீண்டது. இனி மறு விசாரணைக்கு 5 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

துப்பாக்கி போனபோதும் பெண்ணைக் கேட்டவர் இல்லை. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர்கள் வசிக்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கியால் வேட்டையாடிப் பிழைத்த சமூகம். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. சரியான சட்டந்தான். ஆனால் மாற்றுப் பிழைப்பு? பாசிமணி விற்கும் பெண்களின் தலையில் பாரம் ஏறிற்று. பழங்குடிப் பட்டியலில் நரிக்குறவர் சேர்ந்தது 2023-ல்தான். 50 ஆண்டு!

லைசென்சு விஷயத்தில் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. போலீஸ் அறிக்கை இப்போதும் உண்டு. பொதுமக்கள் பாதுகாப்புக்காக லைசென்சை ரத்து செய்யும் அதிகாரமும் உண்டு. மகளிர் போலீஸ் நிலையங்கள் 1992 முதல் இருக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டமே தொடங்கி வைக்கலாம். புருஷன் இல்லாத நேரத்தில் ஒரு பெண் போலீஸ் போய்க் கேட்டு வரட்டும். புதுப்பிக்கும்போதும் கேட்கட்டும். அவள் சொன்னது அவன் காதுக்குப் போகக்கூடாது. போகும் என்று தெரிந்தால் எவள் உண்மை பேசுவாள்?