பொதுப்பணக் காவலரும் கைதுசெய்யும் அதிகாரமும்

நம் கல்லூரியின் கீழ் வகுப்புகளிற் பயின்ற காலத்தில், ஆசிரியர் வெளியே சென்ற வேளைகளில் வகுப்பைக் காக்கும் பொறுப்புச் சட்டாம்பிள்ளையிடம் விடப்பட்டிருந்ததைப் பழைய மாணவர் எவரும் மறந்திரார். சத்தமிட்டோரின் பெயர்களைக் கரும்பலகையின் மூலையில் எழுதுவது அவனுக்குரிய அதிகாரம். ஆயினும், பெயர் எழுதப்பட்டவன் பலசாலியாயின், அவனே எழுந்து சென்று தன் பெயரை அழித்துவிடுவான். ஆசிரியர் திரும்பி வரும்போது மூலையில் மெலிந்தவர் பெயர்கள் மாத்திரம் எஞ்சியிருக்கும். எழுதும் உரிமை சட்டாம்பிள்ளைக்கு இருந்தது. எழுதியதைக் காக்கும் வலிமை இருக்கவில்லை.

நாட்டின் பொதுப்பணத்தைக் காக்கவென நியமிக்கப்பட்டோரின் நிலையும் நெடுங்காலம் இதுவாகவே இருந்தது. மோசடியைக் கண்டறிவோருக்கு அதனைப் பிடிக்கும் அதிகாரத்தையும் கொடுக்கலாமா? கொடுப்பின் எவ்வளவு கொடுத்தல் தகும்? வழக்கறிஞரும் அரச அலுவலரும் ஆசிரியரும் நிறைந்த நம் பழைய மாணவர் குழாத்தின் முன் இவ்வினாவை வைப்பது பொருத்தமெனக் கருதியே யான் இதனை எழுதுகின்றேன்.

யான் அரச சேவையில் உட்கணக்காய்வுப் பகுதியிற் கடமையாற்றிய காலத்தில், ஒரு குளக்கட்டுத் திருத்த வேலையின் வரவு இடாப்பைப் பரிசீலிக்க நேர்ந்தது. அடைமழை பெய்து ஊரே வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த நாட்களிலும் கூலியாட்கள் மண் வெட்டியதாக அதில் எழுதப்பட்டிருந்தது. வெவ்வேறு பெயர்களுக்கு எதிரே ஒரே பெருவிரலின் அடையாளம் மீண்டும் மீண்டும் காணப்பட்டது. அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். மேலிடம் அதனைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கே அனுப்பி விளக்கம் கோரிற்று. அந்த இடாப்பிற் கையொப்பமிட்டவரே விளக்கத்தையும் எழுதினார். பின்னர் விடயம் பொலிசாரிடம் சென்றது. ஓர் அலுவலர் ஒருமுறை வந்து வாக்குமூலம் பெற்றார். அவர் இடமாற்றம் பெற்றுப் போனார். அடுத்து வந்தவருக்கு வேறு வேலைகள் இருந்தன. ஈராண்டு கழித்து அந்த இடாப்பைக் காணவில்லை என்று பதில் வந்தது. உரியவர் முழு ஓய்வூதியத்துடன் இளைப்பாறினார். மறு மாரியில் அக்குளக்கட்டு உடைந்து, கீழேயிருந்த வயல்களை மணல் மூடிற்று. அந்த வயற்காரருக்கு நட்டஈடு கொடுத்தவர் எவருமிலர்.

இடாப்பைக் கண்ட அன்றே அதனை முத்திரையிட்டுக் கைப்பற்றும் அதிகாரம் கண்டவனுக்கு இருந்திருப்பின், அக்கதையின் முடிவு வேறாயிருந்திருக்கும். மோசடி வழக்கிற் சான்று என்பது பெரும்பாலும் காகிதம். கொலைக்களத்து இரத்தக்கறையிலும் விரைவாக அது மறைந்துவிடக் கூடியது. காண்பவர் ஒருவர், கைப்பற்றுபவர் வேறொருவர், அவ்விருவருக்கும் இடையே பத்து மேசைகள் என்னும் ஒழுங்கு குற்றவாளிக்கு நாட்கணக்கில் அவகாசம் வழங்கும் ஒழுங்கேயாகும்.

இதற்கு உலகறிந்த சான்று ஹொங்கொங்கில் உண்டு. 1973ஆம் ஆண்டிற் பீற்றர் கொட்பர் என்னும் உயர் பொலிஸ் அத்தியட்சரிடம் 43 இலட்சம் ஹொங்கொங் டொலருக்கும் மேற்பட்ட செல்வம் இருப்பது தெரியவந்தது. அன்று ஊழலை விசாரிக்கும் பிரிவு பொலிஸ் படைக்குள்ளேயே இருந்தது. செல்வம் வந்த வழியை விளக்குமாறு அவருக்கு ஒரு வார தவணை கொடுக்கப்பட்டது. அந்த வாரத்தினுள் அவர் தமது பொலிஸ் அனுமதி அட்டையைக் காட்டி விமான நிலையச் சோதனையைக் கடந்து நாட்டைவிட்டே போய்விட்டார். மக்கள் வீதியில் இறங்கினர். அதன் பயனாக 1974ஆம் ஆண்டு பெப்ரவரியில், பொலிசுக்கு உட்படாத, ஆளுநருக்கு நேரே பொறுப்புக்கூறும் சுயாதீன ஆணைக்குழு தோன்றிற்று. கைதுசெய்யவும் தேடுதல் நடத்தவும் வங்கிக் கணக்குகளை ஆராயவும் அதன் அலுவலருக்கே அதிகாரம் அளிக்கப்பட்டது. 1975இல் கொட்பர் இங்கிலாந்திலிருந்து மீளக் கொணரப்பட்டு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

சிங்கப்பூரின் அனுபவமும் அத்தகையதே. அங்கும் ஊழல் தடுப்புப் பிரிவு பொலிசின் ஓர் அங்கமாகவே இருந்தது. 1951இல் 1,800 இறாத்தல் அபின் கொள்ளையிடப்பட்டபோது, கொள்ளையருட் பொலிஸ் துப்பறிவோர் மூவரும் இருந்தமை வெளிப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்ததைக் கண்ட அரசாங்கம் 1952இல் தனியான ஊழல் புலனாய்வுப் பணியகத்தை நிறுவிற்று. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதன் அதிகாரங்களை விரிவாக்கிற்று. 1991இல் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, ஒரு விசாரணைக்குப் பிரதமரே இணங்க மறுப்பினும், சனாதிபதியின் இணக்கத்துடன் அதனைப் பணியகத்தின் தலைவர் தொடரலாம்.

நிற்க. நம் நாடு இவ்வழியிற் பிந்தியதன்று என்பதை இளைய தலைமுறையினர் அறிதல் வேண்டும். 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் ஹொங்கொங் ஆணைக்குழுவுக்கு இருபது ஆண்டுகள் மூத்தது. 1958ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இலஞ்ச ஆணையாளர் பதவியும், குற்றஞ் சாட்டப்பட்டோரை விசாரித்துத் தண்டிக்கவென இலஞ்ச நியாய சபைகளும் தோன்றின. இங்கேதான் நாம் ஒரு பாடத்தைக் கற்றோம். ரணசிங்க என்பவர் தொடர்பான வழக்கில் 1964ஆம் ஆண்டு இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில், அந்நியாய சபைகளின் நியமனம் செல்லாது எனத் தீர்த்தது. நீதித்துறை அலுவலரை நியமிக்கும் உரிமை நீதிச் சேவை ஆணைக்குழுவுக்கே உரியதென அன்றைய அரசியலமைப்புக் கூறிற்று. அதனை மாற்றுவதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பெரும்பான்மை பெறப்பட்டதென்னும் சபாநாயகரின் சான்று அத்திருத்தச் சட்டத்துக்கு இருக்கவில்லை. ஆகவே தண்டனையும் நிலைக்கவில்லை.

இத்தீர்ப்பை இலஞ்சம் வாங்கியவருக்குக் கிடைத்த வெற்றியென அன்று சிலர் குறைகூறினர். எனது கருத்து அதுவன்று. பிடிப்பதற்கு அதிகாரம் வேண்டும் என்பதற்காகத் தீர்ப்பதற்கும் அதிகாரம் கொடுத்துவிடுதல் தகாது. குற்றவாளியைத் தேடுபவர் தாம் தேடியது வீண்போகவில்லையென நிறுவ விரும்புவார், அஃது இயல்பு. அவ்விருப்பம் இல்லாத வேறொருவரே அவரது சான்றை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். ஹொங்கொங் ஆணைக்குழுவுக்குக் கைதுசெய்யும் அதிகாரம் உண்டாயினும், இலஞ்சக் குற்றத்துக்கு வழக்குத் தொடரும் முடிவு நீதித்துறைச் செயலாளரின் இணக்கத்துக்கு உட்பட்டதாகவே இருக்கிறது. தண்டிப்பது நீதிமன்றம். சிங்கப்பூரிலும் வழக்குத் தொடரப் பொது வழக்குத்தொடுநரின் சம்மதம் வேண்டும்.

இனி, இவ்வதிகாரத்தை எதிர்ப்போர் கூறும் நியாயத்தையும் கேட்போம். நாட்டிற் பொலிஸ் ஒன்று இருக்க இரண்டாவது பொலிஸ் எதற்கு என்பர் அவர். ஆயுதமும் விலங்கும் கொடுத்தபின் அக்காவலரே ஊழல்செய்யின் அவரை யார் பிடிப்பது என்றும் வினவுவர். ஆட்சிக்கு வருவோர் தம் எதிரிகளை வேட்டையாட அதனைப் பயன்படுத்தாரோ என்றும் ஐயுறுவர். இவை அற்பமான ஐயங்கள் அல்ல. அதிகாரம் கொடுக்கும்போதே அதற்கான கட்டுப்பாட்டையும் எழுதிவைத்தல் வேண்டும் என்பதையே இவை வற்புறுத்துகின்றன. அதிகாரமே வேண்டாம் என்பதற்கு இவை நியாயமாகா. அறுவை வைத்தியரின் கத்தி ஆபத்தானது என்பதற்காக அதனை மொட்டையாக்கிக் கொடுப்பாரில்லை.

ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றுமோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே ஏற்றல் வேண்டுமெனத் திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்திற் கூறினார். காவலரைக் காக்கும் காவல் வேண்டும் என்பதே அதன் கருத்து. ஹொங்கொங்கில் ஆணைக்குழு கைவிடும் விசாரணைகளை, அதன் அலுவலரல்லாத குடிமக்கள் பெரும்பான்மையாக அமைந்த ஒரு குழு மீளாய்வு செய்கின்றது. ஆணைக்குழு அலுவலர்மீது வரும் முறைப்பாடுகளைக் கவனிக்க வேறொரு குழுவும் உண்டு. பிடித்தவரைப் பற்றி நீதிமன்றம் வினவும். பிடியாது விட்டவரைப் பற்றி வினவுவார் யார்? அதற்காகவே முதற்கூறிய குழு வேண்டப்பட்டது.

அதிகாரம் காகிதத்தில் இருந்தாற் போதுமோ எனின், போதாது. 1977ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் சினங்கொண்ட பொலிசார் ஹொங்கொங் ஆணைக்குழு அலுவலகத்துட் புகுந்து அதன் அலுவலரைத் தாக்கினர். ஆளுநர் சில நாட்களுள், அவ்வாண்டு ஜனவரி முதலாந் திகதிக்கு முற்பட்ட குற்றங்கள் பெரும்பாலானவற்றுக்கு மன்னிப்பு வழங்க நேர்ந்தது. அவ்விட்டுக்கொடுப்பின் பின்னும் ஆணைக்குழு நிலைத்தது. அதன் அலுவலர் பொலிசின் சம்பளத்தையோ பதவி உயர்வையோ எதிர்பார்த்திருந்தவர் அல்லர்.

நம் நாட்டின் பிற்காலக் கதைக்கு வருவோம். 1994ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவை நிறுவிற்று. ஆயினும் ஒருவர் முறைப்பாடு செய்தாலன்றி அது தானாக விசாரணை தொடங்க இயலாதிருந்தது. களத்திற் புலனாய்வு செய்தோருட் பெரும்பாலார் பொலிஸ் சேவையிலிருந்து இணைக்கப்பட்டவர்கள். இன்று விசாரிப்பவர் நாளை அதே சேவைக்குத் திரும்பவேண்டியவர். 2015இல் 19ஆம் திருத்தம் தானாக விசாரிக்கும் உரிமையை அளித்தது. 2020இல் 20ஆம் திருத்தம் அதனைப் பறித்தது. 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் கொடுத்தது. ஏழு ஆண்டுகளுள் ஒரு காவலனின் கையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருப்பின், எந்த அலுவலர்தாம் துணிந்து பெரிய மனிதரின் கோப்பைத் திறப்பார்? 2021இலோ, ஆணையாளர் மூவரினதும் எழுத்துமூலச் சம்மதம் இணைக்கப்படவில்லை என்னும் குறையினாற் பல வழக்குகள் மீளப் பெறப்பட்டன. அதிகாரம் இருந்தும் அதனை முறைப்படி செலுத்தாமையால் நேர்ந்த இழப்பு அது.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இக்குறைகள் பலவற்றை நீக்க வந்தது. அச்சட்டம் இயற்றப்பட்டது நன்றே. அதனாற் காரியம் முடிந்துவிட்டதென நாம் உறங்கலாகாது. எனது வேண்டுகோள்கள் நான்கு. ஆணைக்குழுவின் புலனாய்வாளர் அதன் சொந்த அலுவலராக, அங்கேயே பயின்று அங்கேயே உயர்வு பெறுவோராக நாளடைவில் மாறுதல் வேண்டும். கணக்காய்வாளர் நாயகத்தின் பகுதியினர் மோசடிக் குறியைக் கண்ட அன்றே, அவ்வேடுகளை முத்திரையிடுமாறு ஆணைக்குழுவை நேரே அழைக்கும் ஒழுங்கு வேண்டும். விசாரணையைக் கைவிடும்போதும் வழக்கை மீளப் பெறும்போதும் அதற்குரிய காரணம், குற்றமற்றவரின் மானம் கெடாதவாறு, குடிமக்கள் குழுவொன்றின் முன் வைக்கப்படுதல் வேண்டும். இறுதியாக, இவ்வதிகாரத்தை ஆட்சிக்கு ஆட்சி கூட்டியும் குறைத்தும் விளையாடும் வழக்கம் ஒழிதல் வேண்டும்.

இவ்விழா மலரைக் கையிலேந்தும் மாணவரே! நாளை உங்களுட் சிலர் இடாப்புகளிற் கையொப்பமிடுவீர்கள். சிலர் அவற்றைப் பரிசீலிப்பீர்கள். சிலர் நீதிமன்றில் வாதிடுவீர்கள். யான் கண்ட அந்த வரவு இடாப்பைப் போன்ற ஒன்று உங்கள் மேசைக்கும் ஒருநாள் வரும். அப்போது அதனை மேலே அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென எண்ணி யான் வீடு சென்றேன். நீங்கள் அவ்வாறு செல்லவேண்டிய நிலை இராதிருத்தல் வேண்டும். உடைந்த குளக்கட்டின் கீழ் நின்ற அந்த வயற்காரரின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. கண்டறிந்தவனின் கைக்குச் சட்டம் வலிமை தரட்டும். அக்கையை வேறொரு கண் இமையாது காக்கட்டும். அத்தகைய நாட்டை ஆக்கும் நேர்மையாளரை நம் கல்லூரித் தாய் என்றும் ஈன்றளிப்பாளாக.