ரந்தாவிலிருந்து ஜகார்த்தா வரை



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்களுக்குத் தெரிந்த காற்பந்து விளையாட்டாளர்கள் பத்துப் பேரின் பெயரைச் சொல்லுங்கள்." கைகள் உயர்ந்தன. மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே எனப் பெயர்கள் மழையாய்ப் பொழிந்தன. ரொனால்டோ மதெய்ரா தீவில் பிறந்தவர் என்பது வரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மகிழ்ச்சியே.

"அப்துல் கனி மின்ஹாட் யார்?" என்று அடுத்துக் கேட்டேன். வகுப்பு அமைதியானது. "தங்கராஜ்? பலராம்?" மேலும் அமைதி. ஒரு மாணவன் மட்டும் தயக்கத்தோடு, "தங்கராஜ் எங்கள் பக்கத்து வீட்டு மாமா, சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

கனி மின்ஹாட் 1935ஆம் ஆண்டு நம் நெகிரி செம்பிலானில், ரந்தாவில் பிறந்தவர். சி ரூசாவிலிருந்து மோட்டார் வண்டியில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்திற்குள் ரந்தாவை அடைந்துவிடலாம். சுற்றிலும் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். 'ராஜா போலா', அதாவது பந்தின் அரசன் என்று நாடே கொண்டாடிய மனிதர் அவ்வூர்க்காரர். மதெய்ரா நம் பிள்ளைகளுக்கு அருகில் இருக்கிறது. ரந்தாவ் தொலைவில் இருக்கிறது. இதைப் பிள்ளைகளின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லிக் கொடுக்காதவர்கள் நாம்.

ஓர் இறுதியாட்டத்தின் கதை

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அப்போட்டிக்கென்றே செனாயானில் மாபெரும் அரங்கம் ஒன்று எழுப்பப்பட்டிருந்தது. காற்பந்து இறுதியாட்டம் செப்டம்பர் 4ஆம் நாள். ஒரு பக்கம் தென் கொரியா, மறுபக்கம் இந்தியா.

இந்திய அணிக்கு அந்த அரங்கில் நண்பர்கள் குறைவு. தைவானுக்கும் இஸ்ரேலுக்கும் அனுமதி மறுக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி சோந்தி வெளிப்படையாகக் கண்டித்திருந்தார். அதனால் இந்தோனேசிய மக்களின் சினம் இந்தியர்மேல் திரும்பியிருந்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடியிருந்த அரங்கில் இந்திய வீரர்களுக்குக் கிடைத்தது கூச்சல்தான். அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களுள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் அடங்குவர் என்பது வரலாற்றின் இனிய முரண்.

இன்னும் கேளுங்கள். குழுச் சுற்றில் இதே தென் கொரியாவிடம் இந்தியா 0-2 எனத் தோற்றிருந்தது. தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்கிற்குத் தலையில் காயம், தையல் போடப்பட்டிருந்தது. பயிற்றுநரோ அந்தக் காயத்தோடு அவரை முன்னணித் தாக்குதலுக்கு அனுப்பினார். பிரதீப் குமார் பானர்ஜி முதல் கோலை அடித்தார். அடுத்த சில நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோலைப் புகுத்தினார். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. 2-1. தங்கம் இந்தியாவுக்கு. அன்றிலிருந்து இன்று வரை ஆசிய விளையாட்டுக் காற்பந்தில் இந்தியா மீண்டும் தங்கம் வென்றதில்லை.

அந்த அணியின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். நெடிதுயர்ந்த மனிதர். இராணுவத்தில் சேர்ந்து, மெட்ராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடியவர். முதலில் தாக்குதல் ஆட்டக்காரராக இருந்து பின்னர் கோல் காவலரானார். அவருடைய படைப்பிரிவு மையம் 1955இலும் 1958இலும் டூராண்ட் கிண்ணத்தை வென்றது. துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் படைமுகாமை அடுத்த அம்முகூடா என்னும் சிற்றூரில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். தாயின் பெயர் முத்தம்மா. எளிய குடும்பம். பந்தைக் காலில் ஒட்டவைத்துக் கொண்டு ஓடும் கலையில் அவருக்கு நிகர் அன்றைய ஆசியாவில் மிகச் சிலரே.

அதே போட்டியில் மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் தென் வியட்நாமை 4-1 எனத் தோற்கடித்து வெண்கலம் பெற்ற நாடு எது தெரியுமா? நம் மலாயா! அந்த அணியில் இருந்தவர்தான் ரந்தாவின் கனி மின்ஹாட். ஒரே போட்டியில் முத்தம்மாவின் மகன் தங்கமும், நம் ரந்தாவின் மகன் வெண்கலமும் வென்றார்கள். இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் நம் பிள்ளைகளுக்கு வேறு வேண்டுமா?

'நம்மவர்' என்ற சொல்

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சாதனையாளர் பட்டியலைப் பார்த்தவுடன் அதில் தமிழ்ப் பெயரைத் தேடி, 'இவர் நம்மவர்' என்று மகிழ்ந்து, மற்றவர்களை மறந்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. நானும் அதற்கு விதிவிலக்கல்லன். ஆயினும் அந்த அணியை உற்றுப் பாருங்கள். ஜர்னைல் சிங் பஞ்சாபியர். தலைவர் சுனி கோஸ்வாமி வங்காளி. சந்திரசேகர் கேரளத்தவர். யூசுப் கான் ஹைதராபாத் முஸ்லிம். நடுத்திடலில் ஆடிய பிராங்கோவோ கோவாக்காரர். 1961 டிசம்பர் வரை கோவா போர்த்துகீசியரின் ஆட்சியில் இருந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஓராண்டுகூட நிறைவுறாத நிலையில், போர்த்துகீசியப் பெயர் தாங்கிய அந்த இளைஞர் இந்தியாவுக்காகத் தங்கம் வென்றார்.

போர்த்துகல் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அதே 1962 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். லிஸ்பன் நகரின் பென்பிகா அணி, பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டெழுந்து ரியல் மாட்ரிட்டை 5-3 என வென்றது. கடைசி இரண்டு கோல்களையும் அடித்தவர் யூசேபியோ. அவருக்கு முன் ஆட்டத்தைச் சமன் செய்தவர் கொலுனா. இருவரும் போர்த்துகலின் அன்றைய காலனியான மொசாம்பிக்கில் பிறந்தவர்கள். அந்நாடு விடுதலை பெற்றதோ 1975இல்தான். ஆள்பவரின் பெருமையை ஆளப்படுவோரின் பிள்ளைகள் சுமந்த காலம் அது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். யூசேபியோவின் பெயரை உலகம் மறக்கவில்லை. லிஸ்பன் அரங்கின் வாயிலில் அவருக்குச் சிலை இருக்கிறது.

பலராமுக்கு? நுரையீரல் நோய் தாக்கியதால் இருபத்தேழு வயதை ஒட்டியே அவர் ஆட்டத்தைவிட்டு விலக நேர்ந்தது. கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தனியராக வாழ்ந்து, 2023 பிப்ரவரியில் மறைந்தார். தங்கராஜ் 2008இலும், கனி மின்ஹாட் 2012இலும் மறைந்தனர். அவர்கள் மறைந்த நாள்களில் நம் பள்ளிகளின் காலைக் கூடுகையில் ஒரு சொல்லேனும் சொன்னோமா? நான் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் ஒருவர் இருந்தார்

ஜகார்த்தாவில் இந்திய அணிக்குப் பயிற்சி அளித்தவர் சையது அப்துல் ரஹீம். அவர் யார் தெரியுமா? அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர்! ஹைதராபாத்தில் சுண்ணக்கட்டி பிடித்த கை அது. புற்றுநோய் உடலை அரித்துக் கொண்டிருந்த நிலையிலேயே அவர் அந்த அணியை வழிநடத்தினார். அடுத்த ஆண்டே, 1963 ஜூன் மாதம், காலமானார். அம்முகூடாவின் ஏழைச் சிறுவனிடம் ஒரு திறமை இருக்கிறது என்று கண்டவர் அவரே.

திறமை எல்லா இடத்திலும் பிறக்கும். கம்போங்கிலும் பிறக்கும், லயத்திலும் பிறக்கும். ஆனால் அது வளர மூன்று வேண்டும்: ஓடுவதற்கு ஒரு திடல், பார்ப்பதற்கு ஓர் ஆசிரியர், முயல்வதற்கு ஒரு போட்டி. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் விதை விதையாகவே மக்கிப்போகும்.

நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் திடல் இருந்தது. பால்மரக் காட்டில் விடியற்காலை முதல் உழைத்தவர்கள் மாலையில் அத்திடலில் பந்து உதைத்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். லோரியில் ஏறி ஆட்டம் பார்க்கப் போன கதையை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1921இல் தொடங்கிய மலாயாக் கிண்ணம் ஜப்பானியர் காலத்தில் நின்றுபோய், 1948இல் மீண்டும் நடைபெற்றபோது அதை வென்றது நம் நெகிரி செம்பிலான் என்பதை எத்தனை பேர் அறிவோம்? சயாம் மரண இரயில் பாதைக்குப் போன உறவுகள் பலர் திரும்பாத துயரம் ஆறாத காலம். ஜூன் மாதம் அவசரகாலம் வேறு அறிவிக்கப்பட்ட ஆண்டு. அந்த ஆண்டில் இம்மாநிலத்திற்கு ஒரு கிண்ணம் வந்தது. அடுத்த முறை அக்கிண்ணத்தை நாம் ஏந்த 2009 வரை, அறுபத்தோர் ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. பின்னர் 2011இலும் வென்றோம்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. அவ்வேளைகளில் கோயிலுக்கு நிலம் கேட்டோம். பள்ளிக்கு நிலம் கேட்டோம். இரண்டும் நியாயமான கோரிக்கைகளே. ஆனால் திடலையும் சேர்த்துக் கேட்க நாம் மறந்துவிட்டோம் என்பது என் கருத்து. திடல் இல்லாத பள்ளியில் புறப்பாட நடவடிக்கை என்பது பதிவேட்டில் மட்டுமே நடக்கும்.

என்ன செய்யலாம்?

வெறும் புலம்பலாக இக்கட்டுரையை முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஓர் ஆசிரியன் என்ற முறையில் சில பரிந்துரைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கூட்டு அணி. குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்ட நம் பள்ளிகள் பலவற்றில் பதினொரு சிறுவர்களைத் திரட்டுவதே பெரும்பாடு. ஆளில்லை என்று போட்டியிலிருந்து விலகுவதைவிட, அருகருகே உள்ள இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து பயிற்சி செய்யட்டும். எழுவர் ஆட்டமாகவேனும் நமக்குள் ஒரு கிண்ணம் நடத்துவோம். தங்கராஜைப் போல் இடம் மாறி ஆடிச் சிறக்கும் பிள்ளை ஒருவன் அங்கே இருக்கக்கூடும்.

இரண்டாவது, பெண்பிள்ளைகள். அவர்களைத் திடலின் ஓரத்தில் கைதட்ட மட்டும் நிறுத்திவைக்கும் வழக்கம் போதும். சிறிய பள்ளியில் பாதிப் பேரை ஒதுக்கிவிட்டு ஆளில்லை என்று சொல்வது எந்தக் கணக்கு?

மூன்றாவது, பெற்றோர்கள். "விளையாட்டு சோறு போடுமா, வாத்தியாரே?" என்று கேட்பவர்களை நான் குறைகூறவில்லை. வறுமையைக் கண்டவர்களின் கேள்வி அது. ஆயினும் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலேயே அகற்றப்பட்டுவிட்டது. அதற்குப் பின்னும் பிள்ளையின் ஒவ்வொரு மாலையையும் டியூஷனுக்கே கொடுத்துவிட வேண்டுமா? வாரத்தில் இரண்டு மாலைகளை எங்களுக்குத் தாருங்கள்.

நான்காவது, ஏடு. நம் வட்டாரத்தில், தோட்டத்து அணிகளிலும் மாவட்ட அணிகளிலும் ஆடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாணவர்கள் தத்தம் தாத்தாக்களிடம் சென்று கேட்டு எழுதட்டும்: எந்தத் திடல், எந்த அணி, உடன் ஆடியவர் யார் யார். தமிழ் மொழிக் கட்டுரைப் பயிற்சியாகவே இதைச் செய்யலாம். அந்த மாணவன் சொன்ன 'பக்கத்து வீட்டு மாமா தங்கராஜ்' என்ன ஆடினார் என்று யாருக்குத் தெரியும்?

இறுதியாக ஒரு செய்தி. 2010 டிசம்பர் 29ஆம் நாள், அதே செனாயான் அரங்கில் மலேசியா தென்கிழக்காசியக் கிண்ணத்தை உயர்த்தியது. அன்றைய ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றபோதும், புக்கிட் ஜாலிலில் முன்னரே 3-0 என வென்றிருந்ததால் கிண்ணம் நமதாயிற்று. அந்த அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபால். அணியில் ஆடியவர்களுள் ஒருவர் நம் நெகிரி செம்பிலான் அணியின் எஸ். குணாளன். 1962இல் கனி மின்ஹாட் வெண்கலம் பெற்ற அதே நகரில், நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அது நிகழ்ந்தது.

விதை இன்னும் அழிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. திடலும் ஆசிரியரும் போட்டியும் இருந்தால் அது முளைக்கும்.

அடுத்த வாரம் அதே வகுப்பில் அதே கேள்வியை மீண்டும் கேட்கப்போகிறேன். குறைந்தது மூன்று பெயர்களாவது கூடுதலாக வரும் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
சி ரூசாவிலிருந்து ஓர் ஆசிரியன்