காகத்தையும் கணக்கில் எழுதுங்கள்!



பொங்கல் வந்தால் மதுரைப் பக்கம் கரும்பு, ஜல்லிக்கட்டு என்று களைகட்டும். அதே நாட்களில் தமிழ்நாட்டில் இன்னொரு வேலையும் நடக்கிறது, தெரியுமா? அதுதான் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015-ஆம் ஆண்டு தொடங்கியது. அடுத்த மாதமே, பிப்ரவரியில், உலகம் முழுவதும் நான்கு நாட்கள் பறவைகளை எண்ணுகிறார்கள். அப்போது நம் நாட்டுக் கல்லூரிகள் பலவும் தங்கள் வளாகத்துக்குள்ளேயே நடந்து, கண்ணில் பட்ட பறவைகளைக் குறித்து வைக்கின்றன.

"காட்டுக்குப் போய் எண்ணினால் சரி. ஊர் நடுவே என்ன பறவை இருக்கும்?" என்று கேட்கிறீர்களா?

மதிலுக்குள் ஒரு காடு

மதுரை கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது. 1881-ல் தொடங்கப்பட்ட பழைய கல்லூரி. வெளியே பேருந்துகளின் இரைச்சல். உள்ளே மர நிழல். ஊர் பெருகப் பெருகச் சாலையோர மரங்கள் குறைகின்றன. இத்தகைய வளாகங்களில்தான் முதிர்ந்த மரங்கள் மிஞ்சி நிற்கின்றன. பழைய மரத்தில் பொந்து இருக்கும். பொந்து இல்லாவிட்டால் பச்சைக்கிளியும் புள்ளி ஆந்தையும் எங்கே முட்டையிடும்?

வளாக நடைக்குக் காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். பறவைகளைத் தெரிந்த ஒருவர் முன்னே செல்வார். முதலில் காதைத்தான் தீட்ட வேண்டும். 'டுக் டுக் டுக்' என்று செம்பு தட்டுவது போலக் கேட்டால் அது குக்குறுவான். கூட்டமாகத் தரையில் சலசலத்தால் தவிட்டுக்குருவி. இரட்டை வால் தெரிந்தால் கரிச்சான்.

குளிர்காலத்தில் ஒரு விருந்தாளியும் வருவார். பெயர் ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணி அளவில் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வருகிறது. மர நிழலில் சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்னும். "குப்பை" என்று சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்திவிட்டால், அத்தனை தூரம் பறந்து வந்த விருந்தாளிக்குச் சோறு இல்லை!

எண்ணினால் என்ன பயன்?

ஒருவர் எழுதும் பட்டியல் சிறியது. எல்லோருடைய பட்டியலும் 'இ-பேர்ட்' என்ற இணையதளத்தில் சேரும்போது பெரிய உண்மை தெரிகிறது. 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைக்கு சுமார் 30,000 பேர் எழுதிய 3 கோடிக் குறிப்புகள் உதவின. 942 வகைப் பறவைகளை அதில் ஆராய்ந்தார்கள். மயிலும் குயிலும் பெருகுகின்றன. நம் வயல்வெளிகளில் மின்கம்பியில் உட்காரும் பனங்காடையோ குறைந்து வருகிறது என்று அது எச்சரித்தது.

சிட்டுக்குருவி அழிந்துவிட்டது, கைபேசிக் கோபுரம்தான் காரணம் என்று கேட்டிருப்பீர்கள். 2020-ல் வந்த முந்தைய அறிக்கை என்ன சொன்னது? பெருநகரங்களில் அது குறைந்திருக்கிறது. நாடு முழுவதும் பார்த்தால் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. கோபுரம் காரணம் என்பதற்குத் தக்க சான்று இல்லை. 'சாதாரணக் குருவிதானே' என்று எழுதாமல் விட்டிருந்தால் இது எப்படித் தெரியும்?

அரிட்டாபட்டி சொல்லும் பாடம்

எழுதி வைத்த பட்டியல் ஊரையும் காக்க உதவும். மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டியே சாட்சி. அங்குள்ள குன்றுகளில் லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராஜாளிக் கழுகு உள்பட சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருந்தன. ஏழு குன்றுகள், ஏராளமான நீர்நிலைகள், பழமையான கல்வெட்டுகளோடு பறவைகளையும் எடுத்துக்காட்டி, 2022 நவம்பரில் தமிழக அரசு அப்பகுதியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழகத்தின் முதல் தலம் அதுதான்.

2024 நவம்பரில் இந்தத் தலமும் உள்ளடங்கிய சுமார் 2,000 ஹெக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் தோண்ட மத்திய அரசு ஏலம் விட்டது. ஊர் மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. பாரம்பரியத் தலத்தின் முக்கியத்துவத்தையும் மத்திய அரசு காரணமாகச் சொன்னது. வென்றது மக்களின் ஒற்றுமை. அந்த ஒற்றுமைக்குக் கையில் ஆதாரம் கொடுத்தது, பல ஆண்டுகள் பொறுமையாக எழுதி வைத்த குறிப்புகள்.

அரிட்டாபட்டிக்குப் பட்டியல் இருந்தது. உங்கள் பள்ளி மரத்துக்கு இருக்கிறதா? நாளைக்கு "கட்டடம் கட்ட வேண்டும், மரத்தை வெட்டலாம்" என்று யாராவது சொன்னால், "ஐயா, இதில் கிளி கூடு வைத்திருக்கிறது. தேதியோடு குறித்து வைத்திருக்கிறோம்" என்று உங்களால் சொல்ல முடியுமா?

நீங்கள் செய்ய வேண்டியவை

* ஒரே இடத்தில், குறைந்தது 15 நிமிடம் பாருங்கள்.

* தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் எழுதுங்கள்.

* பெயர் தெரியாவிட்டால் நிறம், அலகு, வால் ஆகியவற்றைக் குறியுங்கள். ஊகித்து எழுதாதீர்கள்.

* கூட்டின் அருகே போகாதீர்கள், கல்லெறியாதீர்கள்.

* மரத்தடியில் ஒரு மூலையிலாவது சருகை விட்டுவைக்கும்படி தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

காகமும் மைனாவும்தான் வந்தனவா? பரவாயில்லை, அவற்றையே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டும் பென்சிலும் தயார்தானே?