கோபம் கையொப்பமாக வேண்டும்

கம்பனிகள் பிழை விட்டால் தட்டிக் கேட்பவர் யார்? அரசாங்கம் என்பது பழைய பதில். பொருள் வாங்குவோர் என்பது இன்று பலர் தரும் பதில். முகநூலில் ஒரு படம் பரவினால் எப்பெரிய கம்பனியும் பணிந்துவிடும் என்கிறார்கள். இரண்டுமே அரை உண்மைகள்தாம்.

பங்களாதேஷில், டாக்காவுக்கு அண்மையிலுள்ள சவாரில், ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24 இல் இடிந்து வீழ்ந்தது. முதல்நாளே சுவர்களில் வெடிப்புகள் தென்பட்டன. கீழே இருந்த வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பியது. மேலேயிருந்த ஆடைத் தொழிற்சாலைகளோ மறுநாளும் தொழிலாளரை வேலைக்கு அழைத்தன. 1,134 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள்.

அங்கே சட்டம் இல்லாமலில்லை. ஆயினும் அனுமதியின்றி மேல்மாடிகள் எழுந்தபோது எவரும் தடுக்கவில்லை.

அந்த ஆடைகளை வாங்கிய வெளிநாட்டு மக்கள் கொதித்தெழுந்தனர். மூன்றே வாரங்களில் பல கம்பனிகள் தொழிற்சங்கங்களுடன் பாதுகாப்பு உடன்படிக்கையொன்றில் கையொப்பமிட்டன. இழப்பீட்டு நிதிக்குப் பணம் தரத் தயங்கிய ஒரு கம்பனி, இணையத்தில் பத்து இலட்சம் பேர் கையொப்பமிட்டுக் கேட்ட பின்னர் 2015 இல் கொடுத்தது. அவ்வாண்டிலேயே நிதி 3 கோடி டொலரை எட்டியது.

வாங்குவோரின் பலம் இது. அதன் குறையையும் பார்க்க வேண்டும். செய்தி ஆறினால் கோபமும் ஆறிவிடும். பெயர்பெற்ற கம்பனிகளையே அது சுடும். உள்ளூர்ச் சந்தைக்குத் தைக்கும் பட்டறை அந்த உடன்படிக்கைக்கு வெளியிலேயே நின்றது. சட்டத்தின் கை மெதுவாக அசைந்தாலும் எல்லோரையும் தொடக்கூடியது அதுவே.

உடன்படிக்கை நிலைத்ததற்குக் காரணம், அது வெறும் வாக்குறுதியாக இல்லாமல் சட்டப்படி கட்டுப்படுத்தும் பத்திரமாக இருந்தமையே. அதை மீறியதாக இரு கம்பனிகள் மீது 2016 இல் தொழிற்சங்கங்கள் ஹேக் நகரில் முறையிட்டன. 2018 இல் ஒரு கம்பனி 23 இலட்சம் டொலர் தர உடன்பட்டது.

எமது பிள்ளைகள் பலரும் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். நிலத்தை விட்டு வந்த எம்மிடம் ஒரு கம்பனியைப் புறக்கணித்து அசைக்கும் அளவுக்குக் காசில்லை. ஆனால் சுவரில் வெடிப்பை முதலிற் காண்பவர்கள் நாமே. கண்டதைத் திகதியிட்டு எழுதுங்கள். பலர் சேர்ந்து கையொப்பமிடுங்கள். தொழில் திணைக்களத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கடல் கடந்து வாங்குவோர் எழுப்பும் குரலுக்கு அந்தக் கடதாசியே சாட்சியாகும். வாய்மொழி வாக்குறுதியோடு மட்டும் திரும்பி வராதீர்கள்.