கல்லில்லாத ஊரில் கல்லுக்குக் கவசம்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். படித்து முடித்ததும் சிலருக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். வகுப்பில் காதைத் திருகியபோதே தாங்கிக்கொண்டவர்கள்தானே நீங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபத்து வாசலில் உயர உயரமாக ஐந்து ஜீப்புகள் நின்றன. எல்லாம் PY 02 என்று எழுதாத குறையாக நம்ம ஊர் வண்டிகள்தான். அதில் மூன்றுக்குக் கதவுக்குக் கீழே, இரண்டு பக்கமும், கை கனத்துக்குக் கறுப்பு இரும்புக் குழாய். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி பெருமையாகக் காட்டினான். "சார், இது ராக் ஸ்லைடர். பாறையில ஏறும்போது வண்டியோட கீழ்ப்பக்கம் அடிபடாம இருக்கும்."

"எந்தப் பாறை தம்பி?" என்று கேட்டேன்.

சிரித்தான். நானும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. ஏன் என்று சொல்கிறேன்.

நம்முடைய காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். அரசலாறும் நாட்டாறும் நூலாறும் வாஞ்சியாறும் கொண்டுவந்து போட்ட வண்டல். ரோடு போட ஜல்லி வேண்டுமென்றாலும் வெளியிலிருந்து லாரியில்தான் வர வேண்டும். கடலரிப்புக்கும் துறைமுகத்துக்கும் கொட்டிய கருங்கல்லை விட்டால் இந்த ஊரில் பாறை என்று ஒன்று கிடையாது. அதன்மேல் யாரும் வண்டி ஏற்றப் போவதுமில்லை. அப்படியிருக்க, பாறைக்குப் பயந்து காசு செலவழிக்கிறோம். நிஜமாகவே வண்டியைத் தின்கிற ஒன்று தினமும் சாயங்காலம் கடலிலிருந்து வீசிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

என்னிடம் படித்தவர்களுக்கு அந்த ஆணி சோதனை ஞாபகம் இருக்கும். முதல் சோதனைக்குழாயில் ஆணியும் சாதாரணத் தண்ணீரும். இரண்டாவதில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம். மூன்றாவதில் கால்சியம் குளோரைடு போட்ட உலர்ந்த காற்று. முதல் ஆணி மட்டும் துருப்பிடிக்கும், ஏனென்றால் அங்கேதான் நீரும் காற்றும் சேர்ந்திருக்கின்றன. பாடப்புத்தகம் அதோடு நிறுத்திவிடும். நான் நாலாவதாக ஒரு குழாய் வைப்பேன். அதில் நீங்களே பாட்டிலில் பிடித்துவந்த கடல் தண்ணீர். அந்த ஆணிதான் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு செம்மண் நிறத்துக்குப் போகும். உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், துருவும் வேகமாக ஏறும். உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசியில் அடுக்களை உப்பு ஜாடி நசநசவென்று ஆகிறதல்லவா, அதேதான். வண்டி வெளியே காய்ந்த மாதிரித் தெரியும். உள்ளே உப்பு படிந்த இடம் ஈரமாகவே இருக்கும்.

கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற அந்தத் தகடு ஒரு பெட்டி. உள்ளே வெற்றிடம். தண்ணீர் இறங்க அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். வயல் சேறும் கடற்கரை மணலும் அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டால், பெட்டிக்குள்ளே நாலாவது சோதனைக்குழாய் தயார். துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே பெயின்ட் குமிழாக எழும்பி உங்கள் கண்ணில் படுகிற நேரத்தில், உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

இதைப் புத்தகத்தில் மட்டும் படித்து நான் சொல்லவில்லை. சொந்தபந்தங்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. என் தம்பி கார் வாங்கிய இரண்டாம் வருஷம், அடியில் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடித்துக்கொள் என்று யோசனை சொன்னவன் நான். ஒரு பட்டறையில் விட்டோம். சேற்றைச் சரியாகக் கழுவாமல், ஆரம்பித்திருந்த துருவைச் சுரண்டாமல், அதன்மேலேயே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பளபளவென்று இருந்தது. ஈரத்தை உள்ளே வைத்து மூடி போட்டோம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. துருப்பிடித்தலை முப்பது வருஷம் நடத்திய வாத்தியாருக்கு உறைக்கவில்லை!

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு மழை ராத்திரி, வாஞ்சூர் தாண்டி டயர் பஞ்சர். அந்த மாதிரி கார்களுக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே இருக்கிற அந்த விளிம்பில்தான் ஜாக்கி வைக்க வேண்டும். வைத்தான். வண்டி கொஞ்சம் தூக்கியது. பிறகு அந்தத் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கி, கார் இறங்கிவிட்டது. அவன் இடது கையில் இரண்டு விரல் நுனி போனது. இன்றைக்கும் சட்டைப் பொத்தானை அவன் மனைவிதான் போட்டுவிடுகிறாள். பட்டறைக்காரர் மேல் கோபப்பட எனக்குப் பாதி உரிமைதான் உண்டு. மீதிப் பாதி என்னுடையது.

ஆகவே, "சார், என் வண்டி லேடர் பிரேம், எனக்கு அந்தக் கவலையில்லை" என்று யாரும் கமென்டில் வராதீர்கள். தார், பொலேரோ, ஹைலக்ஸ் எல்லாம் ஏணி மாதிரியான சட்டத்தின்மேல் உடம்பை உட்கார வைத்த வண்டிகள். ஜாக்கியைச் சட்டத்துக்கோ அச்சுக்கோ வைக்கலாம், உண்மைதான். ஆனால் உங்கள் பிள்ளை உட்காருகிற கூடு அந்தத் தகட்டோடு சேர்ந்ததுதான். பக்கவாட்டில் ஒரு லாரி இடித்தால் முதலில் தாங்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. பல வண்டிகளில் சீட் பெல்ட்டின் கீழ் முனை மாட்டியிருப்பதும் அதன் பக்கத்தில்தான். அது துருத் தூளாக இருந்தால் வெளியே எத்தனை கிலோ குழாய் தொங்கினால் என்ன?

சரி, அந்தக் குழாயையே எடுத்துக்கொள்வோம். ராக் ஸ்லைடர் என்பது கெட்ட பொருள் இல்லை. மலையில், ஓடைக் கல்லில், லடாக்கில் ஓட்டுகிறவனுக்கு அது வேண்டும். நிஜமான ஸ்லைடர் கனமான குழாயில் செய்து, மூன்று நாலு கைகளால் நேராகச் சட்டத்தில் பிடிக்கப்பட்டிருக்கும். வண்டியின் எடையே அதன்மேல் உட்கார்ந்து வழுக்கிப் போகலாம். சோதனை சுலபம். அதன் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் வளையாமல் அந்தப் பக்கச் சக்கரங்கள் மேலே வர வேண்டும். மண்டப வாசலில் நான் குனிந்து பார்த்த மூன்றில் இரண்டு அப்படி இல்லை. கதவுக்கீழ்த் தகட்டிலேயே ஓட்டை போட்டு, இரண்டு பட்டையும் நாலு போல்ட்டும் வைத்து மாட்டிய படிகள். பேர் மட்டும் ஸ்லைடர். பாறையில் உட்கார்ந்தால் அந்தக் குழாயே மேலே மடங்கித் தகட்டை நசுக்கும். காப்பாற்ற வந்ததே குத்துகிறது. பாறையே இல்லாத நம்ம ஊரில் அது செய்கிற வேலை வேறு. டிரில் போட்ட ஒவ்வொரு ஓட்டையும் பெயின்டையும் துத்தநாகப் பூச்சையும் கிழித்து, உப்புக்கு வாசல் திறந்து வைக்கிறது. எவர்சில்வர் குழாயாக இருந்தால் இன்னும் மோசம். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். எது அரிக்கும் என்று பத்தாம் வகுப்பில் எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் நீங்கள். குழாய் அரிக்காது, உங்கள் வண்டித் தகடு அரிக்கும்.

அடுத்தது தெரு. நம்ம ஊர் வீதிகள் பிரெஞ்சுக்காரன் காலத்தில் நேராகப் போட்டவை. நேராக இருக்கின்றன, அகலமாக இல்லை. பாரதியார் வீதியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஒரு பெண்பிள்ளையின் சைக்கிள் பெடல் இப்படி வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயில் மாட்டியதை நான் பார்த்தேன். விழுந்தது அந்தப் பிள்ளை. கீறல்கூட விழாதது வண்டி. ஓட்டியவன் இறங்கி முதலில் குனிந்து பார்த்தது எதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கவசம் என்றால் யாருக்குக் கவசம்? உள்ளே ஏசியில் இருப்பவனுக்கு ஏற்கெனவே இரும்புக் கூடு இருக்கிறது. வெளியே நடக்கிறவளுக்கு என்ன இருக்கிறது?

சட்டமும் இதையேதான் கேட்கிறது. முன்னால் மாட்டுகிற கிராஷ் கார்டுகளை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. பக்கவாட்டுப் படியெல்லாம் கிராஷ் கார்டு ஆகாது என்று வாதாடுவீர்கள். வாதாடுங்கள். விபத்தென்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முன்னால் அதே வாதத்தைச் செய்யத் தயாராக இருங்கள்.

இனி உங்கள் கேள்விகள். வருமுன் பதில் சொல்லிவிடுகிறேன்.

"சார், அம்மாவால் உயரமாக ஏற முடியவில்லை, படி வேண்டும்." நியாயம். எனக்கும் முட்டி வலிதான். கம்பெனி அந்த வண்டிக்கென்றே தருகிற படியை, அவர்கள் விட்டிருக்கிற துளையிலேயே மாட்டுங்கள். புது ஓட்டை போடாதீர்கள். அதைப் படி என்றே சொல்லுங்கள்.

"கஜா மாதிரி புயல் வந்தால் என்ன செய்வீர்கள்?" 2018 நவம்பரில் நானும் இங்கேதான் இருந்தேன். அன்று வழியை அடைத்தவை மரங்கள். மரம் அறுக்கும் மெஷினும் டிராக்டரும்தான் ரோட்டைத் திறந்தன. வெள்ளத்தில் வண்டியை நிறுத்துவது இன்ஜினுக்குள் போகிற தண்ணீர். பக்கத்துக் குழாய் அங்கே என்ன செய்யும்?

"பீச்சில் ஓட்டுவோம் சார்." இதுதான் எனக்கு ஆத்திரம். தை, மாசி, பங்குனியில் நம்ம கடற்கரையில் ஆமை ஏறி முட்டையிடுகிறது. ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிட்டுப் போகிறது. அதன்மேல் இரண்டு டன் வண்டியை ஏற்றிச் சுற்றிவிட்டு, உப்பு மணலை அடியில் அப்பிக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். ஆமைக்கும் கேடு, வண்டிக்கும் கேடு. லாபம் ஒரு ரீல்ஸ்.

"என் காசு, என் வண்டி." சரி. காசு உன்னுடையது. தெரு உன்னுடையது இல்லை தம்பி.

யாரிடம் கற்றுக்கொள்வது என்று கேட்டால், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள் என்பேன். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட தினமும் லோடு அடிக்கிற மினி லாரிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். லோடு இறக்கியதும் முதல் வேலை, அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சுவது. "மேல கழுவுனா ஊருக்கு சார், கீழ கழுவுனாதான் வண்டிக்கு" என்றார். எனக்குத் தெரிந்து துருப் பாடத்துக்கு இதைவிடச் சுருக்கமான நோட்ஸ் இல்லை.

ஆகவே செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் இப்படிச் செலவழியுங்கள்.

ஒன்று. மாதம் இரண்டு முறையாவது வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். சேற்றில் இறங்கிய நாளில் அன்றைக்கே. வாட்டர் சர்வீஸில் விடும்முன் அங்கே போர் தண்ணீரா என்று கேளுங்கள். நம்ம ஊரில் பல இடத்தில் போர் தண்ணீரே உப்பு. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் வண்டியைத் திருப்புங்கள்.

இரண்டு. கதவுக்குக் கீழே இருக்கிற வடிகால் ஓட்டைகளை ஒரு ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். செலவு பூஜ்யம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை.

மூன்று. அந்தப் பெட்டித் தகட்டுக்குள்ளே மெழுகு ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள். வெளியே கறுப்புக் கோட்டிங் அடிப்பதாக இருந்தால், கழுவி, துரு சுரண்டி, நன்றாகக் காய்ந்த பிறகுதான். பக்கத்தில் நின்று பாருங்கள். நான் நிற்கவில்லை.

நாலு. கதவுக்குக் கீழே பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருந்தால், சர்வீஸில் அதைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். சேறு பதுங்குவது அங்கேதான். சக்கரத்துக்குப் பின்னால் அகலமான மட் பிளாப் போடுங்கள்.

ஐந்து. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஜாக்கி வைக்கிற இடத்தை ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமாக இருந்தாலோ, செதில் உதிர்ந்தாலோ, அந்த வண்டிக்கு அடியில் கை வைக்காதீர்கள். நேராக டிங்கரிடம் போங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு, நிஜமாகவே மலையில் ஓட்டப் போகிறவன் இருந்தால், சட்டத்தில் பிடிக்கிற நல்ல ஸ்லைடர் எது என்று ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் விசாரித்துவிட்டு வாங்கட்டும். அவனோடு எனக்குச் சண்டையில்லை. மண்டப வாசலில் நிறுத்தி வைக்க மாட்டுகிறவனோடுதான் சண்டை.

அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை. இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்னை அவமானப்படுத்த எழுதவில்லை. அடுத்த ஞாயிறு வண்டியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வா. தென்னை மரத்தடியில் நிறுத்தி, நாம் இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். ஈர்க்குச்சி நான் சீவி வைக்கிறேன். என் தம்பியும் வருவான். அவன் இடது கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்தக் குழாய் வேண்டுமா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்