வரப்போகும் கார்களும், சீட்டுக்கடியில் புதைந்த கொக்கியும்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் கோவையிலிருந்து திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்கு என்னைத் தன் காரில் அழைத்துப் போனான். சொந்தத் தொழில் செய்து நன்றாக முன்னுக்கு வந்தவன். வெளிநாட்டுக் கம்பெனியின் விலை உயர்ந்த கார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. முன்னால் அவனும் மனைவியும், பின்னால் அவன் அம்மாவும் நானும். கரூர் தாண்டியதும் கேட்டான்: "சார், இந்த வண்டியைக் கொடுத்துட்டு புதுசு எடுக்கலாம்னு இருக்கேன். பிஎம்டபிள்யூ, பென்ஸ், வால்வோ எல்லாத்துலயும் புது மாடல் வருது. எதுக்குக் காத்திருக்கலாம்? நீங்க சொல்லுங்க."

ஸ்கூட்டரைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாத என்னிடம் இந்தக் கேள்வி! ஆனால் இயற்பியல் வாத்தியாரிடம் கேள்வி கேட்டுவிட்டால் பதில் வராமல் போகாது. வழியில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அவன் அனுமதி கொடுத்துவிட்டான், பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.

முதலில், இந்தக் கம்பெனிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. பென்ஸ் என்றால் மூத்தவர். கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886ல். சடன் பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை 1978ல் எஸ் கிளாஸ் காரில் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். பிஎம்டபிள்யூ விமான எஞ்சின் செய்து ஆரம்பித்த கம்பெனி. பின்சீட்டில் உட்காருபவரைவிட ஸ்டியரிங் பிடிப்பவரை மனதில் வைத்தே கார் செய்வார்கள் என்று பெயர். நம்மூருக்கும் உறவுதான், 2007 முதல் சென்னைக்குத் தெற்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் அவர்கள் கார்கள் பூட்டப்படுகின்றன. ஆடியின் பெருமை, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் குவாட்ரோ, 1980ல் வந்தது. லெக்சஸ் 1989ல் வந்த இளையவர், டொயோட்டா வீட்டுப் பிள்ளை. சத்தமில்லாமல் ஓடுவதும், அடிக்கடி ஒர்க் ஷாப் போகாமல் இருப்பதும் அவர்கள் பெயரைக் காப்பாற்றுகின்றன. வால்வோவுக்குக் கடைசியில் வருகிறேன்.

இனி புது மாடல்கள். 2025 செப்டம்பரில் ம்யூனிக் கண்காட்சியில் பிஎம்டபிள்யூ, ஐஎக்ஸ்3 என்ற மின்சாரக் காரைக் காட்டியது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் 800 கிலோமீட்டர் என்கிறார்கள். அதே கண்காட்சியில் பென்ஸ் மின்சார ஜிஎல்சியைக் காட்டியது. அதற்கு 700 கிலோமீட்டருக்கு மேல் சொல்கிறார்கள். அதில் டேஷ்போர்டின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை 39 அங்குலத் திரை வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டு டிவியைவிடப் பெரிது!

இந்த 800, 700 எல்லாம் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனையில் எடுத்த கணக்கு அது. அந்தச் சோதனையில் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்தான். பதினொன்றாம் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதியது நினைவிருக்கிறதா? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80ல் போவதைவிட 120ல் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. நாற்கர சாலையில் நம்மவர்கள் மிதிக்கிற மிதிக்கு 800 கிலோமீட்டர் கிடைக்காது. அந்தக் காகித எண்ணை வைத்துக் கம்பெனிகளை ஒப்பிடலாம். சென்னை போய்த் திரும்பும் திட்டத்தை அதை வைத்துப் போடாதீர்கள்.

"அடுத்த மாடலுக்குக் காத்திருக்கலாமா?" என்பதற்கு என் பதில்: கம்பெனிக்காரர்களுக்கே அடுத்தது என்ன என்று உறுதியாகத் தெரியவில்லை. 2030க்குள் மின்சாரக் கார் மட்டுமே விற்போம் என்று 2021ல் சொன்ன வால்வோ, 2024 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. 2026க்குப் பிறகு புதிதாக வெளியிடுவது எல்லாம் மின்சாரக் கார்தான் என்ற ஆடியும் பின்வாங்கியது. பென்ஸும் தன் கெடுவைத் தளர்த்தியது. 2008 முதல் டாடாவிடம் இருக்கும் ஜாகுவார், பிரிட்டனில் பழைய மாடல்களின் விற்பனையையே நிறுத்திவிட்டு, 2024 டிசம்பரில் ஒரு மாதிரிக் காரை மட்டும் காட்டியது. அவர்களே மனம் மாறிக்கொண்டிருக்கும்போது நீ ஏன் தம்பி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய்? இன்றைக்குத் தேவை என்றால் இன்று இருப்பதை வாங்கு. தேவை இல்லை என்றால் இருக்கிற வண்டியையே ஓட்டு.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5 சதவீதம். இதற்கு மேல் சாலை வரி தனி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு அது 20 சதவீதம். ஷோரூம் விலையை மட்டும் பார்த்து மாதத் தவணை கணக்குப் போடாதே. உன் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று கேள். வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறதா, பங்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயரை மட்டும் கொடுத்து அனுப்புகிறார்களா என்று டிக்கியைத் திறந்து பார். இதெல்லாம் விளம்பரத்தில் வராது.

இப்போது கொக்கிக்கு வருகிறேன்.

அன்று காரில் ஏறியதும் பழக்கப்படி சீட் பெல்ட்டை இழுத்தேன். பெல்ட் வந்தது. மாட்டுவதற்குக் கொக்கியைக் காணோம். அழகுக்குப் போட்ட சீட் கவருக்கு அடியில் மூன்று கொக்கிகளும் புதைந்து கிடந்தன. "பின்னாடி எதுக்கு சார் பெல்ட்? போலீஸ்கூட பிடிக்கறதில்ல" என்றான். அம்மாவும் "எனக்கு அது மூச்சு முட்டும்" என்றார்கள். கல்யாணத்துக்குப் போகிற வழியில் பாடம் எடுக்க வேண்டாம் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த மௌனம் தப்பு. அதனால்தான் இந்தப் பதிவு.

கணக்கு எளிது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், பெல்ட் போடாதவர் அதே 80ல் முன்னால் போவார். அது 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டு மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் 100 என்றால் ஏறக்குறைய 40 மீட்டர். அப்படிப் போகிறவர் தனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் மேலும் போய் விழுவார். அம்மாவுக்கு முன்னால் இருந்தது யார்? மருமகள்.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற பென்ஸ் ஜிஎல்சி, பாலத் தடுப்பில் மோதியது. முன்சீட்டில் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் அணியவில்லை என்றது போலீஸ். பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்று அப்போதே விதி இருந்தது. போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம். விதி இருந்தது, பழக்கம்தான் இல்லை.

இப்போது வால்வோ. இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959ல் கொண்டுவந்தது அவர்கள்தான். வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்குமுன் விமானிகள் ஆபத்தில் வெளியே குதிக்க உதவும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். காப்புரிமையை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாம். எல்லாக் கம்பெனிகளும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். வால்வோவின் புது மாடலான இஎக்ஸ்60ல் அவர்கள் பெருமையாகச் சொல்லும் விஷயங்களில் ஒன்று என்ன தெரியுமா? மறுபடியும் பெல்ட்தான்! உட்காருபவரின் உயரம், எடை, மோதலின் வேகம் இவற்றைப் பார்த்துத் தன் பிடியைத் தானே மாற்றிக்கொள்ளும் பெல்ட். இத்தனை வருஷம் கழித்தும் அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். நாமோ அதன் கொக்கியை சீட்டுக்கடியில் புதைத்துவிட்டு 39 அங்குலத் திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே தம்பி, வாத்தியாரின் தீர்ப்பு இதுதான். நீயே ஓட்டுவதானால் பிஎம்டபிள்யூ. பின்னால் உட்கார்ந்து போவதானால் பென்ஸ். தொல்லை வேண்டாம் என்றால் லெக்சஸ். அம்மாவையும் பிள்ளைகளையும் அடிக்கடி கூட்டிப் போவதானால் வால்வோவை ஒருமுறை போய்ப் பார். எதை வாங்கினாலும் பின்சீட்டுக் கொக்கி வெளியே இல்லை என்றால், கொடுத்த பணத்தில் மிகப் பெரிய பங்கை நீயே வீணாக்கியவன் ஆவாய். அந்தக் கொக்கி உன் பழைய காரிலும் இருக்கிறது. அதற்கு ஜிஎஸ்டி கிடையாது, தவணை கிடையாது, காத்திருக்கவும் வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். ஆல்ட்டோவோ ஆடியோ, இன்று மாலை உங்கள் காரின் பின்சீட்டைப் பாருங்கள். கொக்கிகள் புதைந்திருந்தால் வெளியே எடுத்துவிட்டு, "எடுத்துட்டேன் சார்" என்று கீழே எழுதுங்கள். வழக்கம்போல அட்டெண்டன்ஸ் எடுப்பேன். கேள்வி கேட்டவன் முதலில் எழுத வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்